எந்தத் துறை எங்கே சுட்டுக்கொண்டது

ஆய்வுக் கட்டுரைகளுக்கு மொழி திருத்திக் கொடுப்பது என் வேலை. காலையில் இதயநோய், மதியம் மண் அரிப்பு, மறுநாள் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள், அதற்கடுத்து பெயரே வாயில் நுழையாத ஒரு பாலிமர் என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்வேன். எதிலும் நான் நிபுணர் இல்லை. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. முடிவுகள் பாதிக்கு மேல் புரியாதபோது கண் தானாக வேறு இடத்துக்குப் போகிறது: இவர்கள் இதை எப்படி நிரூபிக்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எந்த இடத்தில் தேவைக்கு அதிகமாக ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்.

இந்த ஜாக்கிரதை துறைக்குத் துறை மாறுகிறது. மருந்துப் பரிசோதனைக் கட்டுரை என்றால் பெட்டி பெட்டியாக ஒரு படம் கட்டாயம் இருக்கும். எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேருக்குத் தகுதி இல்லை, எத்தனை பேர் மறுத்தார்கள், எந்தப் பிரிவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் நடுவில் விலகினார்கள் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு ஆள்கூடக் கணக்கில் குறையக் கூடாது. துகள் இயற்பியல்காரர்கள் தங்கள் கருவி தங்களை ஏமாற்றியிருக்கக்கூடிய வழிகளைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சமூகவியல் கட்டுரையில் ஆய்வாளர் தன்னைப் பற்றியே ஒரு பத்தி எழுதுவார்: தன் பின்னணி என்ன, பேட்டி கொடுத்தவர்கள் தன்னை யாராகப் பார்த்திருப்பார்கள், அதனால் எதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அதை ஒரு இயற்பியல்காரரிடம் காட்டினால் சிரிப்பார். உளவியலில் இப்போது அடிக்கடி வரும் வரி, 'தரவு சேகரிக்கும் முன்பே கருதுகோளைப் பதிவு செய்துவிட்டோம்'.

வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் சடங்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் இவற்றில் பலவும் அந்தந்தத் துறை முன்பு எங்கோ சுட்டுக்கொண்ட இடம்.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயத்தில் இடையிடையே தப்புத் துடிப்புகள் வரும். அப்படி அதிகம் வருகிறவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பும் அதிகம். அந்தத் துடிப்புகளை அடக்கும் மருந்துகள் இருந்தன. உண்மையாகவே அடக்கின, ஈசிஜியில் கண்ணாலேயே பார்க்கலாம். அப்புறம் என்ன, கொடுக்க வேண்டியதுதானே? கொடுத்தார்கள். 1980களின் பிற்பகுதியில்தான் காஸ்ட் என்ற பெரிய பரிசோதனையில் இதைச் சோதித்தார்கள். முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துப் பார்த்து, யாருக்குத் துடிப்பு அடங்கியதோ அவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். அதாவது மருந்துக்குச் சாதகமாகவே ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற இரண்டு மருந்துகளில் ஒன்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989இல் அந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதில் முட்டாள்தனமாக யாரும் எதுவும் செய்யவில்லை, அதுதான் என்னை உறுத்துவது. காரணம் சரி, காரியம் சரி, மருந்து செய்ய வேண்டிய வேலையைச் செய்தது, ஆள் மட்டும் செத்துப்போனார். ரத்தத்தில் இது குறைந்தது, ஸ்கேனில் அது சுருங்கியது என்று எழுதிக்கொண்டே போகும் கட்டுரையைப் பார்த்து, வெளியிடும் முன் அதைச் சரிபார்க்கும் ஒரு மருத்துவ மதிப்பாய்வாளர் 'அதெல்லாம் சரி, நோயாளி என்ன ஆனார்?' என்று முகத்தில் அடித்த மாதிரிக் கேட்கிறார் என்றால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் இருக்கின்றன.

உளவியல் சுட்டுக்கொண்டது இன்னும் சமீபத்தில். நல்ல ஆய்விதழ்களில் வந்த 100 ஆய்வுகளை எடுத்து மறுபடி செய்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் தடவை அவற்றில் 97 சதவீதம் புள்ளியியல் சோதனையைத் தாண்டியிருந்தன, மறுபடி செய்தபோது 36 சதவீதம். இந்த அடிக்குப் பிறகு, கருதுகோளை முன்பே பதிவு செய்துவிடும் பழக்கம் வேகமாகப் பரவியது. இயற்பியலில், ஒளியைவிட வேகமாக நியூட்ரினோ என்ற நுண்துகள் போகிறது என்று 2011இல் ஓபெரா என்ற ஆய்வுக் குழு சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும், 730 கிலோமீட்டர் தூரத்தில் 60 நானோ நொடி முந்தி வந்தது. கடைசியில் ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருந்தது முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அந்தக் குழுவைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு மரியாதைதான் வந்தது. 'எங்களுக்குத் தவறு எங்கே என்று தெரியவில்லை, நீங்களும் பாருங்கள்' என்கிற தொனியில்தான் முதலிலிருந்தே பேசினார்கள்.

மரபணுக்காரர்களின் கதை கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். செப்ட்2, மார்ச்1 என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செலில் மார்ச்1 என்று ஆங்கிலத்தில் அடித்தவுடன் அது சத்தமில்லாமல் மார்ச் மாதம் 1ஆம் தேதி ஆகிவிடும். எக்செல் கோப்பாக மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. எக்செல் மாறுகிற வழியாக இல்லை, கடைசியில் 2020 வாக்கில் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். செப்ட்2 இப்போது செப்டின்2.

அதே எக்செலில் பொருளாதாரமும் சுட்டுக்கொண்டது. நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை அரசுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2013இல் ஒரு முனைவர் பட்ட மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டு நின்றிருக்கிறது. அதையும், விடுபட்டிருந்த சில வருடத் தரவுகளையும், சராசரி எடுத்த விதத்தையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 சதவீதமாக இருந்த வளர்ச்சி 2.2 சதவீதமாக ஆனது.

என் குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு துறை பட்ட சூடு பக்கத்துத் துறைக்குத் தெரிவதே இல்லை. மரபணுக் கட்டுரையில் 'பட்டியலை எந்த மென்பொருளில் திறந்தீர்கள்' என்று கேட்பதில் வியப்பில்லை. சமூக அறிவியல் கட்டுரையின் ஓரத்தில் அதே கேள்வியை எழுதினால், மொழி திருத்த வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது.

துறை விட்டுத் துறை போகிற விஷயங்களும் இருக்கின்றன, ஆனால் போகும்போது சூத்திரம் மட்டும் போகிறது, கூட இருந்த தயக்கம் போவதில்லை. 0.05 என்கிற கோடு நல்ல உதாரணம்: உண்மையில் விளைவே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் முடிவை ஏற்கலாம் என்பது. ரொனால்ட் ஃபிஷர் 1925இல் எழுதிய புள்ளியியல் புத்தகம் வழியாகத்தான் அது பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது. அப்போது அவர் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்தார், பயிர், உரம், வயல் பாத்திகள்தான் அவருடைய தரவு. இருபதில் ஒன்று என்பது ஒரு வசதியான எல்லை என்றுதான் அவர் சொன்னார். அது உளவியலுக்குப் போய், மருத்துவத்துக்குப் போய், கல்வியியலுக்குப் போய், இன்று 0.049 வந்தால் கொண்டாட்டம், 0.051 வந்தால் துக்கம். துகள் இயற்பியலிலோ ஐந்து சிக்மா, கிட்டத்தட்ட 35 லட்சத்தில் ஒன்று. 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது அந்தக் கோட்டைத் தொடும்வரை காத்திருந்தார்கள். ஆயிரம் இடத்தில் தேடினால் எங்காவது ஒரு மேடு தற்செயலாகத் தெரியத்தான் செய்யும் என்று பலமுறை ஏமாந்து கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். மற்ற துறைகளிலும் ஆயிரம் இடத்தில் தேடுகிறார்கள்தான், ஆனால் எத்தனை இடத்தில் தேடினோம் என்று எழுதிவைப்பதில்லை.

சூடு மட்டுமல்ல, விடைகளும் இப்படித்தான் கிடக்கின்றன. டான் ஸ்வான்சன் என்று ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தகவல் அறிவியல் பேராசிரியராக இருந்தார். மருத்துவர் இல்லை. குளிர் பட்டால் விரல்கள் ரத்தம் சுண்டி வெளுத்துப்போகும் ரேனோ நோய் பற்றிய கட்டுரைகளைப் படித்தார்: இந்த நோயாளிகளுக்கு ரத்தம் கெட்டியாக இருக்கிறது, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன, ரத்தக் குழாய் சுருங்குகிறது. மீன் எண்ணெய் பற்றிய கட்டுரைகள் தனியாக ஒரு குவியல். அவற்றில், மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கிறது என்று இருந்தது. இரண்டு குவியலும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை. இவர் ஒரு பரிசோதனைக் குழாயைக்கூடத் தொடாமல், நோயாளி ஒருவரையும் பார்க்காமல், இரண்டையும் பக்கத்தில் வைத்து, அப்படியானால் மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவலாமே என்று 1986இல் கட்டுரை எழுதினார். மூன்று வருடம் கழித்து வந்த ஒரு சிறிய மருத்துவப் பரிசோதனை அவர் ஊகத்துக்குச் சாதகமாகவே பேசியது. அதற்குள் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையில் யாரும் கவனிக்காத 11 தொடர்புகளைத் திரட்டி இன்னொரு கட்டுரையும் எழுதிவிட்டிருந்தார்.

படிப்பதே ஆராய்ச்சி என்று சொன்னால் ஆய்வகக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பக்கத்தில் எட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கட்டுரை இருக்கிறது. 1994இல் ஒரு நீரிழிவு ஆய்விதழில், ரத்தச் சர்க்கரை வரைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கிடப் புது முறை என்று ஒன்று வெளியானது. கோட்டைச் சின்னச் சின்ன சரிவகங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டு கூட்டுவது. நுண்கணிதம் தொட்ட எல்லோருக்கும் தெரிந்த சரிவக விதிதான். மதிப்பாய்வு செய்த யாருக்கும் அது உறைக்கவில்லை என்பது ஒரு பக்கம், அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்பது இன்னொரு பக்கம். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் அவரவர் விருப்பப் பட்டியலை வைத்துப் பொருத்த 1952 முதல் ஒரு முறை நடப்பில் இருந்தது. டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1962இல் இதே சிக்கலுக்கு அழகான தீர்வு எழுதினார்கள். இரண்டும் அடிப்படையில் ஒன்றே என்று ஆல்வின் ராத் 1984இல் வந்துதான் காட்டினார். மருத்துவமனை அலுவலகம் கணிதத்தைப் பத்து வருடம் முந்தியிருக்கிறது! ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஆசிரியர் வரிசையைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிக்கடி கேட்கிறார்கள். உயிரியலில் கடைசிப் பெயர்தான் ஆய்வகத் தலைவர், கணிதத்தில் அகர வரிசை, ஹிக்ஸ் நிறையை அளந்த 2015 கட்டுரையில் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனங்களும்தான். இதை நான் திருத்தவில்லை, கடவுளுக்கு நன்றி.

போன மாதம் ஒரு செவிலியர் ஆய்வு வந்தது. படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் 22 பேரிடம் நீண்ட பேட்டி எடுத்திருந்தார்கள். நல்ல ஆய்வு, பேட்டி வரிகளில் உயிர் இருந்தது. ஒருவர், அம்மா தூங்கும்போது மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இரவில் தான் எழுந்துகொள்வதைச் சொல்லியிருந்தார். மதிப்பாய்வாளரின் முதல் கேள்வி: 'மாதிரி அளவை எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டீர்கள்?' மருந்துப் பரிசோதனையில் இது உயிர் காக்கும் கேள்வி. இங்கே அதற்கு வேலையே இல்லை. புதிதாக ஒன்றும் வராமல் பேச்சு திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும்வரை பேட்டி எடுத்தோம் என்பதுதான் அந்தத் துறையின் பதில், அதைத்தான் ஆய்வாளரும் பொறுமையாக எழுதி அனுப்பினார். மதிப்பாய்வாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு கருப்பொருளையும் எத்தனை சதவீதம் பேர் சொன்னார்கள் என்று அட்டவணை வேண்டும் என்றார். அட்டவணை போட்டு அனுப்பினார்கள்: 22 பேரில் 14 பேர், 63.6 சதவீதம். அந்தப் புள்ளி ஆறு யார் என்று ஓரத்தில் எழுதி வைத்தேன். சதவீதத்தை எடுத்துவிட்டு, 14 பேர் என்று மட்டும் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.