சூடு படும் இடத்திலிருந்து: ஒரு சமையலறை நாட்குறிப்பு

2026 ஜனவரி 5, திங்கள்

சமையலறையில் ரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதல் காரியமாக அலமாரியில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கி எறிகிறார்கள். உலர்ந்த தானியம் போட்டு வைத்த டப்பா அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதிலிருந்து உணவுக்குள் இறங்கும் ரசாயனம் மிகக் குறைவு.

எந்தப் பொருளிலிருந்தும் எவ்வளவு இறங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சூடு, புளிப்பு, எண்ணெய்ப்பசை, தொட்டுக்கொண்டிருக்கும் நேரம். எண்ணெய் மிதக்கும் தக்காளிச் சாறைக் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றி மூடி, மறுநாள்வரை வைத்தால் நான்கும் ஒருசேர நடக்கும். நன்றாக ஆறவிட்டு ஊற்றினால் அதில் பெரிய பங்கைக் கழித்துவிடலாம். செலவு ஏதுமில்லை.

எனவே வரிசை இப்படி: முதலில் மூச்சில் போவது, அடுத்து சூடாகும் பாத்திரம், பிறகு டப்பா, பிறகு உணவும் தண்ணீரும். எதையாவது வாங்க வேண்டுமென்றால் அது கடைசியில்.

ஜனவரி 7, புதன்

காற்று. இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான்.

கேஸ் சுடர் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடும் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஒரு மணி நேரச் சராசரியாக கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம். 24 மணி நேரச் சராசரிக்கு 2021-ல் அறிவித்தது 25. சன்னல் சாத்திய சிறிய அறையில் இரண்டு பர்னர்கள் எரிந்தால் இந்த அளவுகளைத் தாண்டிவிட முடியும். இண்டக்‌ஷன் அடுப்பில் இந்த வாயு கிடையாது. ஆனால் எண்ணெய் புகைந்தால் வரும் நுண்துகளும் கண்ணைக் கரிக்கும் அக்ரோலினும் எந்த அடுப்பிலும் ஒன்றுதான். அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை '2ஏ', அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

சிம்னியில் இரண்டு வகை. ஒன்று குழாய் வழியாகப் புகையை வீட்டுக்கு வெளியே தள்ளுவது. மற்றது கரி வடிகட்டி வழியாக இழுத்து அதே அறைக்குள் திருப்பி விடுவது. இரண்டாவது வகை எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் கொஞ்சம் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் அதை நம்ப முடியாது. அது இருக்கிற வீட்டில் சன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் உண்மையான பாதுகாப்பு.

வேலை செய்கிறதா என்று பார்க்க, வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவி எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும். முன்பக்க பர்னரில் ஆவி சிம்னிக்கு வெளியே வழிந்து மேலே போவது அநேகமாகத் தெரியும். பின்பக்க பர்னருக்கு மாற்றினால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். பொரிப்பதும் வறுப்பதும் பின் பர்னரில் என்று வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே விசிறியைப் போட்டு, சமையல் முடிந்தபின் 10 முதல் 15 நிமிடம் ஓடவிட வேண்டும்.

இழுவை குறைந்தால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்கலாம். பிசுக்கு அடைத்த உலோக வடிகட்டி: வெந்நீரும் சலவை சோடாவும் கலந்து ஊறவைத்தால் கழன்றுவிடும், ஆனால் அலுமினிய வடிகட்டி சலவை சோடாவில் கறுத்து அரிக்கும், அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பே போதும். அடுத்து, வெளிச்சுவரில் திறக்காமல் ஒட்டிக்கொண்ட தடுப்பு மடல். மூன்றாவது, நெளிநெளியான குழாயை நீளமாகவும் பல வளைவுகளோடும் போட்டிருப்பது.

எக்ஸாஸ்ட் ஃபேனில் இன்னொரு தவறு: அதற்குப் பக்கத்திலேயே சன்னலைத் திறந்து வைப்பது. விசிறி அந்தச் சன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும், அடுப்புப் புகை அறையிலேயே சுற்றும். திறக்க வேண்டியது எதிர்ப்பக்கச் சன்னல் அல்லது கதவு. எல்லாவற்றையும் சாத்திவிட்டு வலுவான விசிறியை ஓட்டுவதும் ஆபத்து. அதே வீட்டில் கேஸ் கீசர் இருந்தால் அதன் புகை வெளியே போகாமல் உள்நோக்கித் திரும்பலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது; அலாரம் ஒன்று மாட்டுவது நல்லது.

ஜனவரி 8, வியாழன்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன சுடர் விஷயம். சுடர் நீலமாக, நிலையாக எரிய வேண்டும். நுனி மஞ்சளாக ஆடினாலோ பாத்திரத்தின் அடி கரி பிடித்தாலோ எரிதல் முழுமையாகவில்லை. பர்னர் துளைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, முழுக்கக் காயவைத்து, சரியாகப் பொருத்த வேண்டும். அப்படியும் மாறாவிட்டால் காற்று நுழையும் திறப்பை மெக்கானிக் சரிசெய்ய வேண்டும். உப்போ தூசியோ விழுந்து அவ்வப்போது ஆரஞ்சுப் பொறி வருவது சோடியத்தின் நிறம். அதற்குக் கவலை வேண்டாம்.

ஜனவரி 12, திங்கள்

நான்-ஸ்டிக். பயமும் அசட்டையும் சம அளவில் உள்ள இடம்.

பூச்சு பெரும்பாலும் டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்ஈ. 260 டிகிரி செல்சியஸ்வரை அது அசையாது. அதற்கு மேல் மெல்லச் சிதையத் தொடங்கி, 350 டிகிரியை ஒட்டி நச்சு வாயுக்களை நன்றாகவே வெளியிடும். மனிதருக்கு இது காய்ச்சல், குளிர், நெஞ்சு இறுக்கம் என்று ஃப்ளூ போல வந்து போகும். கூண்டுப் பறவைகள் செத்தே போகும். பறவை வளர்க்கும் வீட்டில் இந்தப் பாத்திரமே வேண்டாம்.

மெல்லிய வாணலியை வெறுமனே பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களில் 260-ஐத் தாண்டிவிடும். இண்டக்‌ஷனில் முழு வேகத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கைக்கு எட்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: காலியாகக் காயவைக்காமல் முதலிலேயே எண்ணெய் விட்டுவிட வேண்டும். சுத்திகரித்த எண்ணெய்கள் பலவும் 220–230 டிகிரி அளவில் புகையத் தொடங்கும். புகை தெரிந்ததும் தீயைக் குறைத்தால் பூச்சு தப்பிக்கும்.

கீறிய பூச்சிலிருந்து துணுக்கு வயிற்றுக்குள் போனால் அது செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். மாற்றச் சொல்வதற்குக் காரணம் வேறு: ஒட்டத் தொடங்கிய பாத்திரத்தில் தீயைக் கூட்டுகிறோம், சுரண்டுகிறோம், எல்லாம் மோசமாகிறது.

'பிஎஃப்ஓஏ இல்லை' என்ற முத்திரையைப் பற்றி. அது பூச்சைத் தயாரிக்கும்போது சேர்த்துவந்த துணைப்பொருள். 2019-ல், எளிதில் அழியாத நச்சுப் பொருட்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. 2023-ல் அதே புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவுக்குப் போனது. முத்திரை உண்மையாக இருந்தாலும், பூச்சே அதே ஃப்ளோரின் குடும்பம்தான். 'செராமிக்' பூச்சு சிலிக்கா வகை, அதில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வழுவழுப்பு சீக்கிரம் போய்விடும்.

மாற்று என்றால் வார்ப்பிரும்பு. எண்ணெய் தடவிச் சூடாக்கிப் படலம் ஏற்றிப் பழக்க வேண்டும். அப்போது கெடுவது பெரும்பாலும் எண்ணெய் அதிகமானதால்தான். கழுவி, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, எண்ணெயை மெல்லத் தடவி, தவறுதலாகத் தடவிவிட்டதைப் போலத் துடைத்தெடுத்துவிட வேண்டும். ஓவனில் கவிழ்த்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆறியபின் இன்னும் இரண்டு மூன்று முறை. பிசுபிசுப்பாக வந்தால் எண்ணெய் மிஞ்சியிருக்கிறது. புளிப்பானதை நெடுநேரம் கொதிக்கவைத்தால் அந்தப் படலம் கரையும், உணவில் இரும்பு ஏறும். உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

எவர்சில்வர் நல்ல தேர்வு. ஒரு குறிப்பு மட்டும்: புதுப் பாத்திரத்தில் புளிப்பானதைச் சமைத்தால் முதல் சில முறை நிக்கலும் குரோமியமும் கூடுதலாக இறங்கும், பிறகு வெகுவாகக் குறையும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் வினிகர் கலந்த தண்ணீரைச் சில தடவை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுத் தொடங்கலாம். வெறும் அலுமினியத்தில் புளிப்பும் உப்பும் உள்ளதைச் சமைத்து அதிலேயே வைக்கக் கூடாது. பழைய உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரம், மூலம் தெரியாத பித்தளை, வண்ணம் தீட்டி மெருகேற்றிய பழைய பீங்கான் ஆகியவற்றில் காரீயம் இருக்கலாம். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 14, புதன்

கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி. தீத்தடுப்பு ரசாயனம் கலந்த பழைய மின்சாதன பிளாஸ்டிக் இதற்குள் வந்துவிடுகிறது என்று 2024-ல் ஓர் ஆய்வு பரபரப்பானது. அதில் ஒரு பெருக்கல் பிழை: கிலோவுக்கு 7,000 நானோகிராம் என்ற வரம்பை 60 கிலோ எடைக்குப் பெருக்கி 4,20,000 என்பதற்குப் பதில் 42,000 என்று போட்டுவிட்டார்கள். பின்னர் திருத்தினார்கள். கணக்கு பத்து மடங்கு தளர்ந்ததே தவிர, சேர்க்கவே கூடாத பொருள் கரண்டியில் இருந்தது என்ற கண்டுபிடிப்பு மாறவில்லை.

நைலான் கரண்டிக்கு வேறொரு காரணமும் உண்டு. 70 டிகிரிக்கு மேல் அதன் சிறுமூலக்கூறுகள் உணவில் இறங்குவதால், தொடும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம். கிளறிவிட்டு வாணலியிலேயே சாய்த்து வைக்கும் பழக்கம்தான் கெடுதல். மரக்கரண்டி இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

ஜனவரி 19, திங்கள்

டப்பாக்கள். அடியில் உள்ள முக்கோண எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறது, தரத்தை அல்ல. 5 பாலிபுரொப்பிலீன், சூட்டைச் சற்றுத் தாங்கும். 1 தண்ணீர்ப் பாட்டில் வகை, குளிர்ந்ததற்கு மட்டும். 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன்; இரண்டிலும் சூடான எதுவும் வேண்டாம். 7 என்பது 'மற்றவை', அதற்குள் பாலிகார்பனேட்டும் இருக்கலாம். அதன் மூலப்பொருள் பிபிஏ, அதாவது பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம்.

பிபிஏவுக்கு ஒரு நாள் அனுமதி அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உடல் எடை கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக்கியது, 20,000 மடங்கு இறக்கம். உணவைத் தொடும் பொருட்களில் அதற்கான ஐரோப்பியத் தடை 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 'பிபிஏ இல்லாதது' என்று விற்பவற்றில் சிலவற்றில் அதன் உறவினரான பிபிஎஸ் இருக்கிறது. முத்திரையை நம்புவதைவிடச் சூடானதற்குக் கண்ணாடி, எவர்சில்வர் என்று முடிவுசெய்துவிடுவது எளிது.

'மைக்ரோவேவில் வைக்கலாம்' என்றால் டப்பா உருகாது, நெளியாது என்பதே முக்கியமான பொருள். எதுவும் இறங்காது என்ற உறுதி அதில் இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றி, பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகப் பீங்கான் தட்டால் மூடவும். மெலமைன் தட்டு மைக்ரோவேவுக்குள் போகவே கூடாது. 70 டிகிரிக்கு மேல் அதிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் இறங்கும்.

ஆறவைத்துப் போடச் சொன்னால் சிலர் சமைத்ததை மணிக்கணக்கில் மேடையில் விட்டுவிடுகிறார்கள். ரசாயனத்துக்குப் பயந்து கிருமியை வளர்ப்பதாகிவிடும். அகலமான எவர்சில்வர் தட்டில் மெல்லப் பரப்பினால் விரைவில் சூடு தணியும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். மங்கி, கீறிய டப்பாக்களைக் குப்பையில் போடாமல் உலர்ந்த பொருளுக்கு இறக்கிவிடலாம்.

ஜனவரி 26, திங்கள்

உணவிலேயே இருப்பதும், சமைக்கும்போது உண்டாவதும்.

அக்ரிலமைடு, புற்றுநோய் தரக்கூடும் என்று கருதப்படும் ரசாயனம்: மாவுச்சத்துள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல் வறுக்க, பொரிக்க, சுடும்போது உண்டாகிறது. உணவில் இருப்பது 2002-ல் சுவீடனில் தெரியவந்தது. வேகவைத்தால் உண்டாவதில்லை. நறுக்கிய உருளைக்கிழங்கை 15–30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரை கொஞ்சம் வெளியேறும். நன்றாகத் துடைத்து, 175 டிகிரிக்குள் பொரித்து, பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும். பழுப்பு ஏற ஏற அளவும் ஏறும்.

அரிசியில் ஆர்சனிக்: ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் சோதித்த முறை நன்றாக இருக்கிறது. ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு 5 நிமிடம். அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, புதிதாக இரண்டு பங்கு ஊற்றி, மூடி, சிறு தீயில் சுண்டும்வரை. தீட்டிய வெள்ளை அரிசியில் 73 சதவீதமும் தீட்டாத அரிசியில் 54 சதவீதமும் கனிம ஆர்சனிக் போனது. சமைக்கும் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் இது எதற்கும் உதவாது.

காய்கனி கழுவ: லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா, 12–15 நிமிடம், பிறகு ஓடும் தண்ணீர். 2017-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள்மீது சோதித்த இரண்டு பூச்சிக்கொல்லிகளும் மேற்பரப்பிலிருந்து இப்படி அகன்றன. தோலுக்குள் ஊடுருவியது அகலவில்லை. அதற்குத் தோலைச் சீவுவதுதான் வழி. சோப்புப் போடக் கூடாது, காய் அதை உறிஞ்சும்.

பிப்ரவரி 2, திங்கள்

தண்ணீர். குழாய் இணைப்பில் காரீயம் இருக்கும் வாய்ப்புள்ள பழைய கட்டடம் என்றால், இரவெல்லாம் தேங்கிய தண்ணீர் பாத்திரம் கழுவவோ செடிக்கோ போகட்டும். நன்றாகக் குளிர்ந்து வரும்வரை ஓடவிட்டுப் பிடிக்கவும். வெந்நீர்க் குழாயிலிருந்து சமையலுக்குப் பிடிக்கக் கூடாது, சூடான தண்ணீர் காரீயத்தை அதிகம் கரைக்கும். கொதிக்கவைப்பது கிருமிக்கு மருந்து. காரீயமும் ஆர்சனிக்கும் ஆவியாகாமல் அதில் செறிந்துதான் போகும்.

கரி வடிகட்டி குளோரினையும் பல கரிமப் பொருட்களையும் பிடிக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது. அதற்கும் ஆர்சனிக்குக்கும் ஆர்ஓ போன்றது வேண்டும். தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு வாங்குவதே முறை. மாட்டும் அன்றே வடிகட்டியின்மீது தேதி எழுதிவிடுங்கள். காலாவதியான கரி கிருமிக்கு இருப்பிடமாகும்.

பிப்ரவரி 6, வெள்ளி

கடைசியாகச் சுத்தம் செய்யும் பொருட்கள். வெட்டுபலகைக்கும் மேடைக்கும் 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 4 மி.லி.; ஏறக்குறைய 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு. முதலில் சோப்பால் கழுவ வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். இரண்டு நிமிடம் ஈரமாக இருக்கவிட்டு, காற்றில் உலரவிடலாம். தெளிப்பானில் அடித்தால் துளி மூச்சில் போகும். துணியில் நனைத்துத் துடைப்பதே மேல். கரைசலின் வீரியம் ஒரு நாளில் குறைந்துவிடும், அன்றன்று கலக்கவும்.

பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, உப்புக்கறை நீக்கி சேர்ந்தால் குளோரின் வாயு. அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. வேண்டுமென்றே யாரும் கலப்பதில்லை. சிங்க்கில் கறை நீக்கியை ஊற்றி, சரியாக அலசாமல், அரை மணி கழித்து பிளீச் ஊற்றும்போது நடப்பதுதான் அதிகம். காரமான நெடி வந்தால் துடைக்க முயலாமல் உடனே வெளியேற வேண்டும். போகிற வழியில் இருந்தால் மட்டும் சன்னலைத் திறக்கலாம். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றுவது ஆபத்தில்லை, பயனுமில்லை. நுரை அடங்கியதும் மிஞ்சுவது ஒன்றையொன்று செயலிழக்கச் செய்த உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா தனியாக, கெட்டிலில் படிந்த வெள்ளைக் கறைக்கு லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் தனியாக. கொதிக்கவிட்டு, அரை மணி ஊறவைத்து, இரண்டு முறை நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும்.