இன்வெர்ட்டர் சோதனைக்கு ஆய்வகம் போகிறீர்களா? முதலில் போன் பண்ணுங்கள்

ஒருவழியாக ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. புதுச்சேரி சேதராப்பட்டில் சின்னப் பட்டறை எங்களுடையது. கூரை சோலாருக்கான 5 கிலோவாட் இன்வெர்ட்டர், சொந்த டிசைன். அதற்கு ஐஎஸ் 16169 என்ற இந்தியத் தரநிலைப்படி சோதனை தேவைப்பட்டது. லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் சமரசத்துக்கே இடமில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது லைன்மேன்கள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். இன்று அப்படி ஒரு புயல் அடித்து, ஏதோ ஒரு மாடியில் இன்வெர்ட்டர் துண்டிக்காமல் கரண்டை அனுப்பிக்கொண்டே இருந்தால், கம்பத்தில் ஏறியவர் உயிருக்கே ஆபத்து.

மின் லைனைப் (கிரிட்) போலவே கரண்ட் தரும் கிரிட் சிமுலேட்டரெல்லாம் சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. பொது ஆய்வகம்தான் வழி. ஆய்வகக் கருவிகளைத் தேடிப் பதிவு செய்ய உதவும் அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடி வெளியூரில் ஒன்றைப் பிடித்தோம். பதிவு, தேதி, 18 சதவீத ஜிஎஸ்டியோடு கட்டணம் எல்லாம் சுலபமாக முடிந்தது.

விடியற்காலையில் இன்வெர்ட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அலுவலகத்தில் இருந்தவர் தலையே நிமிரவில்லை. "ஆர்எல்சி லோடு காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) போயிருக்கு சார். சிமுலேட்டர் இருக்கே, அதுல பாத்துக்கங்க."

ரெசிஸ்டர், காயில், கெபாசிட்டர் சேர்ந்த அந்த லோடு இல்லாமல் இந்தச் சோதனையே கிடையாது. நம் லைனின் அலைவெண்ணான 50 ஹெர்ட்ஸில் ஒத்திசைய வைத்த அந்த லோடுதான், கிரிட் இன்னும் இருக்கிறது என்று இன்வெர்ட்டரை நம்ப வைக்கும். அப்படி ஏமாற்றியும் அது துண்டிக்க வேண்டும். இதைச் சொன்னால், "வேற தேதிக்கு லெட்டர் குடுங்க, லெட்டர்ஹெட்ல, சீலோட" என்றார். சீல் பட்டறையில். அன்றைய கூலி, டீசல் எல்லாம் வீண். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அப்போது அங்கிருந்த டெக்னீஷியன் தம்பி வெளியே கூட்டிப்போய் ஒன்று சொன்னார்: "சார், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தர்ற என்ஏபிஎல் போர்டைப் பாத்துட்டு வந்துடாதீங்க. உங்க டெஸ்ட் எங்க ஸ்கோப்ல, அதாவது அங்கீகாரம் வாங்கின டெஸ்ட் பட்டியல்ல, இருக்கான்னு கேளுங்க. ஸ்கோப்ல இல்லன்னா ரிப்போர்ட்ல அந்த முத்திரை வராது." நல்லவேளை, இருந்தது. மின்சாரத்தை அளக்கும் பவர் அனலைசரின் காலிபரேஷன் சான்றிதழ் செல்லுபடியாகும் கடைசித் தேதியையும் அவரே காட்டினார்.

அடுத்த முறை எல்லாவற்றையும் போனில் உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினோம். லோடை டியூன் பண்ணவே பாதி நாள் ஓடியது. அப்புறம் தம்பி சுவிட்சைத் திறந்து கிரிட்டைத் துண்டித்தார். ஆசிலாஸ்கோப் திரையில் அலை கொஞ்சம் ஆடியது, நெளிந்தது, சட்டென்று கோடாகப் படுத்தது. அரை விநாடிகூட ஆகவில்லை! 66 சதவீதப் பவரிலும் 33-லும் அதேபோல. தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

சரி, கிளம்பும்முன் ரிப்போர்ட்டின் டிராஃப்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எங்களுடையதில் சீரியல் நம்பர் இருந்தது, உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் வெர்ஷன் இல்லை. அங்கேயே நின்று சேர்க்க வைத்தோம்.