ஃபார்கோ லாரியும் பி6 எஞ்சினும்: பட்டறை நாட்குறிப்பு

2024 ஜனவரி 7, ஞாயிறு

சங்ககிரிப் பக்கம் ஒரு களத்து மேட்டில் பல வருஷம் நின்ற ஃபார்கோ இன்று பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மூக்கு வைத்த வண்டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டிய லாரிகளில் டாட்ஜ், டி சோட்டோ, ஃபார்கோ என்று முகப்பில் பெயர்தான் மாறும். அடியில் எல்லாம் ஒரே வண்டி. அதனால் ஃபார்கோ சாமான் கிடைக்கவில்லை என்று கைவிரிக்கும் கடையில் டாட்ஜ் சாமான் கேட்டுப் பாருங்கள்.

எஞ்சின் பெர்க்கின்ஸ் பி6 டீசல். ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டர் துளை விட்டம்) மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) ஐந்து அங்குலம், 4.73 லிட்டர். சென்னை சிம்ப்ஸன் கம்பெனி இதை இங்கேயே செய்ததால் பம்ப் வேலை, ஹெட் வேலை தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. பார்த்தவர்கள் பாதிப்பேர் "இதைக் கழற்றிப் போட்டுட்டு வேற எஞ்சின் மாட்டிடுங்க" என்றார்கள். மாட்டலாம், ஒரு வாரத்தில் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு அது ஃபார்கோ தோலைப் போர்த்திய வேறொரு வண்டி. பி6 இதிலேயே ஓடும் என்பதுதான் இந்தக் குறிப்பு முழுக்க நடக்கப்போகும் வேலை.

இன்று செய்தது: சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பிரஷ் போட்டுத் தேய்த்துப் படம் எடுத்தது. கிரைண்டர் வைக்கக் கூடாது. எழுத்து தேய்ந்தால் ஆர்.சி. காகிதம் வெறும் காகிதம்.

ஜனவரி 9, செவ்வாய்

சக்கரங்கள். இடது பக்க ஸ்டட்களில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அது இடது மரை. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் நட் கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் போட்டு இரண்டு பேர் தொங்கி ஸ்டட்டை முறித்த வண்டிகள் நிறைய.

ரிம் லாக் ரிங் வகை, அதாவது டயரை ரிம்மில் பிடித்து நிறுத்துவது ஒரு தனி இரும்பு வளையம். நட்டில் கை வைக்கும் முன்பே எல்லா டயரிலும் வால்வு முள்ளைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கியாயிற்று. பின்னால் ஜோடி டயர், உள் டயரையும் மறக்கக் கூடாது. துருப்பிடித்த ரிங் காற்றோடு இருக்கும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும். திரும்பக் காற்றடிக்கும்போதும் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸ் போட்டு, தள்ளி நின்றுதான் அடிக்க வேண்டும். ரிங் வாய் துரு தின்று மெலிந்திருந்தால் வெல்டிங் வைக்காதீர்கள், வேறு ரிங் தேடுங்கள். ஆறில் இரண்டு ரிங் கழிக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 14, ஞாயிறு

எஞ்சின் ஜாம். சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் ஆறு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் பாதிக்குப் பாதி கலந்த டீசலும் கியர் ஆயிலும் சுமார் 50 மில்லி ஊற்றி வைத்திருக்கிறது. பொங்கல் முடியும் வரை ஊறட்டும். கயிறு கட்டி இன்னொரு லாரியால் இழுத்துச் சுற்றவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடையும், இல்லையென்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

ஜனவரி 18, வியாழன்

முன் ஹேண்டிலில் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டியதில் விட்டது. முதலில் விரற்கடை, பிறகு கால் சுற்று, சாயங்காலம் முழுச் சுற்று. நாசிலை மாட்டும் முன் பத்து சுற்றாவது சுற்றி, ஊற்றிய எண்ணெய் முழுவதையும் துளை வழியாக வெளியே தள்ளியாக வேண்டும். எண்ணெயை அமுக்க முடியாது. உள்ளே தேங்கியிருக்கும்போது நாசிலை மாட்டி ஸ்டார்ட்டரை அமுக்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பிறகு எஞ்சின் முழுக்க இறங்க வேண்டியதுதான்.

எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினோம். அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கசடு. இதை வழிக்காமல் இன்றைய 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலை ஊற்றினால், அந்த ஆயில் கசட்டைக் கரைத்துக் கிளப்பி, ஆயில் உறிஞ்சும் வாயில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துவிடும்.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று டீசல் பம்ப். இந்த வண்டியில் மிக முக்கியமான இடம் இதுதான், இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் எஞ்சினைச் சிதறடித்திருக்கிறார்கள்.

சி.ஏ.வி. லைன் பம்ப். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் காற்றில் வேலை செய்வது. ஆக்சிலரேட்டர் மிதி நேராக பம்புக்குப் போவதில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டு வாயில் இருக்கும் தட்டைத்தான் திறந்து மூடுகிறது. தட்டு மூடியிருக்கும்போது அங்கே உறிஞ்சல் அதிகம். அந்த உறிஞ்சல் ஒரு சிறு குழாய் வழியே பம்பின் பின்னால் உள்ள டயாஃப்ரம் என்ற சவ்வை இழுக்க, டயாஃப்ரம் ராக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டை) இழுத்து டீசலைக் குறைக்கிறது. தட்டு திறந்தால் உறிஞ்சல் குறையும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ராக்கை முழு டீசலுக்குத் தள்ளும். அதாவது எதுவும் பிடித்து இழுக்காவிட்டால் இந்தப் பம்ப் தானாகப் போய் நிற்கும் இடம் முழு டீசல். டயாஃப்ரம் கிழிந்தாலும், குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும், யூனியன் நட் தளர்ந்தாலும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறும்.

பழைய டயாஃப்ரம் தோல். பல வருஷம் நின்ற வண்டியில் அது அப்பளமாகக் காய்ந்திருக்கும். சோதனை சுலபம்: குழாயைக் கழற்றி, எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் லீவரைக் கடைசி வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் வரும் துளையை விரலால் இறுக்க மூடி, லீவரை விட வேண்டும். ராக் கொஞ்சம் திரும்பி நின்று, பிறகு மெதுவாக ஊர்ந்தால் டயாஃப்ரம் நல்லது. சட்டென்று திரும்பி ஓடினால் ஓட்டை. நம்முடையது சட்டென்று ஓடியது. புதுசு மாட்டி, நான்கு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுப் பதமாக்கியாயிற்று. இப்போது நின்று ஊர்கிறது, பார்க்கவே அழகாக இருக்கிறது.

பம்ப் அடியில் தனி ஆயில் அறை உண்டு. எஞ்சின் ஆயிலை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். கேம் தேய்வது அதனால்தான். மேலிருந்து கசியும் டீசல் இதில் சேர்ந்து ஆயில் நீர்த்துப்போகும், அதனால் அளவு கூடியிருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 28, ஞாயிறு

ரேடியேட்டர் அடைப்பு எடுக்கப் போயிருக்கிறது. பிளாக்கின் கடைசி இரண்டு சிலிண்டர் ஓரத்தில் சேறாக இறுகியிருந்த துருவைக் கம்பி விட்டுக் கிளறி, ஹோஸ் போட்டு அடித்தது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

பிரேக். டிரம்மைத் திறந்தவுடன் ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் விட்டு நனைத்துத் துடைக்க வேண்டும். வீல் சிலிண்டர் நாலிலும் துருக்குழி. லேத்தில் ஸ்லீவ் போட்டு, பழைய அளவுக்கே கொண்டுவந்தால் ரப்பர் கிடைப்பது சுலபம். ஸ்டீல் பாகங்களை டீசலில் கழுவலாம், ரப்பர் தொடும் எதையும் கழுவக் கூடாது. பிரேக் ஆயிலைத் தவிர வேறு எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போய், மிதித்த பிரேக் திரும்பாது.

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்துச் சக்கரத்தில் முடிகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

முதல் ஸ்டார்ட். பழைய டேங்கை நம்பவில்லை. ஐந்து லிட்டர் கேனை உயரத்தில் தொங்கவிட்டு, ஃபில்டர் வழியாகப் பம்புக்கு டீசல்.

டீசல் குழாயில் ஏர் எடுக்கும் வரிசை: லிஃப்ட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை ஏற்றும் சிறு பம்ப்) கைப்பிடியை அடித்து முதலில் ஃபில்டர் மேல் ஸ்குரு, பிறகு பம்ப் பக்கவாட்டு ஸ்குருக்கள், நுரை நின்று டீசல் கனமாக வரும் வரை. கைப்பிடி வெறுமனே ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். கேமின் மேடு லிஃப்ட் பம்ப் லீவரை அமுக்கிக்கொண்டு நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகும். அடுத்து நாசில் குழாய் நட்களைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் வந்ததும் சிலிண்டர்கள் எரியும் 1-5-3-6-2-4 வரிசையில் ஒவ்வொன்றாக இறுக்கியது.

ஓடவைக்க ஸ்டார்ட்டரை அமுக்கும் முன் இரண்டு ஏற்பாடு. ஸ்டாப் கேபிள் ராக்கைக் கடைசி வரை இழுக்கிறதா என்று கண்ணால் பார்த்தது. டயாஃப்ரம் கிழிந்தாலும் கேபிள் வேலை செய்யும். அது அறுந்தால் காற்றுவாயை அடைக்க, ரப்பர் ஒட்டிய பலகையோடு ஒரு ஆள் பக்கத்தில். துணி கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். கையைக் கனவிலும் வைக்கக் கூடாது.

ஏழாவது சுற்றில் பிடித்தது. வெள்ளைப் புகை, பிறகு சாம்பல், பத்து நிமிஷத்தில் தெளிவு. ஆயில் பிரஷர் ஏறும் வரை தட்டைத் திறக்கவில்லை. பி6-க்கே உரிய அந்த இழுத்த கரகரப்பு, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்னோக்கிய கியரில் வைத்து மேட்டிலிருந்து பின்னால் உருட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் தலைகீழாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் காற்றுவாய் வழியே புகை வரும், உறிஞ்சல் இருக்காது, கவர்னரும் இருக்காது.

பிப்ரவரி 18, ஞாயிறு

காகிதம். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் அது சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கான விதி, வணிக வண்டிக்கு இல்லை. சரக்கு வண்டி என்று ஆர்.சி. உள்ள லாரிக்கு அந்தக் கதவு திறக்காது, எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கித்தான் ரோட்டில் இறங்க முடியும். நாட்டின் சரக்கைச் சுமந்ததே லாரிகள்தான், அவற்றுக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்பது நம் கருத்து. அந்த விதியிலேயே சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. லாரிக்கு நாளைக்கு ஒரு வழி திறந்தாலும் எஞ்சின் மாற்றிய வண்டி வெளியேதான் நிற்கும்.

எஞ்சின் இதுவரை மொத்தம் நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது. ஆயில் கறுத்துவிட்டது. நாளை சூடாக இருக்கும்போதே இறக்கிவிட்டு, ஃபில்டரை வெட்டிப் பார்த்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அதற்கு அடுத்து டேங்க்.