முதுகுக்கும் ஃபோம் பாய்க்கும் நடுவே

மலையேறுவோருக்கென விற்கப்படும் ஃபோம் பாய்களும் காற்று மெத்தைகளும் குளிர்நாட்டு இரவுகளை மனத்தில் கொண்டு உருவானவை. உடற்சூடு தரைக்குள் இறங்கிவிடாமல் தடுப்பதே அவற்றின் முதன்மையான வேலை. அந்தத் தடுப்பாற்றலை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள்; அதை நிறுவனங்கள் ஒரே முறையில் அளப்பதற்கென 2018-இல் ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் எஃப்3340 தரநிலை வந்தது. ஆர் மதிப்பு 4, 5 என்று ஏறும் மெத்தைகள் நீர் உறையும் குளிருக்கானவை. நாகர்கோவிலிலோ குளச்சலிலோ ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் வெப்பநிலை 22 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவதில்லை. ஆகவே நம் குமரி மாவட்டத்தில் மட்டுப்பாவிலோ (மொட்டைமாடியிலோ) கடற்கரையிலோ மலையடிவாரத்திலோ படுப்பவருக்கு முதுகைத் தாங்கும் மென்மையும் தரையீரத்திலிருந்து காப்பும் இருந்தால் போதும். ஆர் மதிப்பு 2-ஐத் தாண்டாத மெல்லிய ஃபோம் பாய் இங்கே தாராளம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மெல்லிய பாயிலும் ஈரம் சேரத்தான் செய்கிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஓரிரவில் ஏறத்தாழ கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை நீர் நம் உடலை விட்டு வெளியேறுகிறது. புழுக்கமான இரவில் இது இன்னும் கூடும். சுரந்த வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஃபோம் பாயின் நுண்ணறைகளோ ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூடிக் கிடப்பவை என்பதால், நீரும் நீராவியும் அதற்குள் புகுவதில்லை. முதுகு அழுந்திய இடத்தில் வியர்வை ஆவியாக வழியில்லை, உடற்சூடு கீழே இறங்கவும் வழியில்லை. சூடு தேங்கத் தேங்க உடல் மேலும் வியர்க்கிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் பின்கழுத்திலும் தோள்பட்டையிலும் வேர்க்குரு பொரிவதற்கு இந்தச் சுழற்சியே போதும்.

இதற்குத் தீர்வு அடுக்கும் வரிசையில் இருக்கிறது. ஃபோம் அடியிலும், அதன்மேல் பின்னல் பருத்த ஒரு கோரைப்பாயும், அதற்கும் மேலே துவைத்துத் துவைத்து இளகிப்போன பருத்தித் துணியும் வர வேண்டும். பழைய வேட்டியோ நான்காய் மடித்த சாரமோ (கைலியோ) நன்றாகப் பொருந்தும். இராசாக்கமங்கலம் பக்கம் கடற்கரையில் வலை காவலுக்குப் படுத்திருந்த ஒரு பெரியவர் என் ஃபோம் பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது மேல நேரா கெடந்தா நனையத்தானே செய்யும் மக்களே, ஒரு ஓலப்பாய மேல போடு” என்றார். அவர் சொன்னதில் பௌதிகம் முழுவதும் அடங்கியிருந்தது.  கோரைத் தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நெய்யப்படும்போது அவற்றிடையே நீளவாக்கில் பள்ளங்கள் விடுபடுகின்றன. உடற்பாரம் அழுத்தினாலும் அந்தப் பள்ளங்கள் அடைபடுவதில்லை. திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சிறிது காற்று உள்ளே போய் ஈரத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறது. காலையில் முழங்கையின் உட்புறத்தில் பதிந்திருக்கும் வரிவரியான தடத்தைப் பார்த்தால், ஒரு கோடு அழுத்தமாகவும் அடுத்தது தோல் தொடப்படாமலும் மாறிமாறி இருப்பது தெரியும். அந்தத் தொடப்படாத கோடுகள்தாம் காற்றுக்கான வழி. பத்தமடையின் மிக மெல்லிய பாய் இந்த வேலைக்கு அத்தனை உகந்ததில்லை. ஓலைப்பாய், தாழம்பாய், சொரசொரப்பான சாதாரணக் கோரைப்பாய் ஆகியவையே சிறப்பு. ஒரு பக்கம் வெள்ளிப்பூச்சு உள்ள ஃபோம் பாயென்றால் அந்தப் பூச்சைத் தரைப்பக்கம் திருப்பிவிடுவதே நல்லது.

காலையில் எழுந்ததும் காணும் ஈரமெல்லாம் வியர்வையாகிவிடாது. காற்று 27 டிகிரியும் ஈரப்பதம் 85 விழுக்காடுமாக இருக்கும் இரவில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த பரப்பில் மட்டுமே நீர் கோர்க்கும். படுத்திருப்பவரின் முதுகுக்கு அடியில் வெப்பம் 33, 34 டிகிரிக்குக் குறையாததால் அங்கே பனி படிய முடியாது. உடலின் வடிவத்தில் நனைந்திருந்தால் அது வியர்வையே. பாயின் விளிம்பிலும், கால்மாட்டில் ஆள் படாத பகுதியிலும், பக்கத்தில் வைத்த பையின் மேலும் முத்துமுத்தாக இருந்தால் அது பனி. ஐயம் இருப்பவர்கள் ஃபோமில் ஒரு துண்டை வெட்டி, யாரும் படுக்காமல் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

பனியைப் பொறுத்தவரை ஃபோம் பாய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு. மட்டுப்பாவின் கான்கிரீட் பகல் வெயிலைக் குடித்து வைத்திருப்பதால் நள்ளிரவு தாண்டியும் வெதுவெதுப்பாக இருக்கும். பாயின் மேற்பரப்புக்கோ அந்தச் சூடு எட்டாது, ஆனால் தன் வெப்பத்தை அது திறந்த வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். அதனால் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவில் வெறுந்தரை உலர்ந்திருக்க, ஃபோம் பாயின் ஓரம் நனைந்து கிடக்கிறது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814-இல் பனியைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், உயர்த்தி வைத்த பலகையின் மேலே இருந்த கம்பளிப் பஞ்சு, பலகைக்கு அடியில் இருந்ததைவிட அதிகப் பனியை ஏந்தியதைக் காட்டியிருக்கிறார். வானத்தை மறைத்தால் பனி பெருமளவு குறைந்துவிடும் என்பதே இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் வழி. தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் ஒரு துணியைக் கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டால் போதும். தென்னை ஓலையின் கீழும் அப்படியே. கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் விளைகளில் (தோட்டங்களில்) மற்ற மாதங்களில் இலைகளே கூரையாகின்றன. தையில் இலையுதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கும்போது அதே இடத்தில் பனி நேராக இறங்குகிறது.

மண்தரையில் மூன்றாவது ஈரம் ஒன்றும் சேர்கிறது. விளைக்குள் சருகுக்கு அடியில் மண் ஈரமாகவே இருக்கும். அதிலிருந்து எழும் ஆவி, படுக்கைக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாயின் அடிப்பக்கத்தில் தடுக்கப்பட்டு நீராகத் தங்குகிறது. தார்ப்பாய் ஓட்டையில்லாமல் இருந்தால் இதனால் படுப்பவருக்குத் தொல்லை இல்லை, சுருட்டும்போது மட்டும் அடிப்பக்கத்தை உள்ளே மடிக்கக்கூடாது. கூடாரத்தை விடக் கொசுவலை நல்லது என்பேன். கூடாரத் துணியில் நம் மூச்சே நீராகி வடிந்து பாயின் ஓரத்தை நனைக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் வியர்வைக்கே இடமில்லை. அங்கே பாய் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தால் சரி.

கடற்கரைக்காரர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். வியர்வை உப்பும் கடற்காற்றின் உப்பும் பாயில் படிந்துவிடுகின்றன. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கசியத் தொடங்கும், நம் கரையில் இரவுகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேயே நிற்கின்றன. யாரும் படுக்காத பாய்கூடப் பிசுபிசுவென்று இருப்பதற்கு இதுவே காரணம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த தோர்த்தால் (துண்டால்) இருபக்கமும் துடைத்து, நிழலில் காற்றுப் படும்படி செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் ஃபோம் விரைவில் உலரும். கோரைப்பாயை வெயிலில் ஒரு மணி நேரம் போடலாம். காற்று மெத்தை வைத்திருப்பவர்கள் வாயால் ஊதாமல் பம்பையோ ஊதுபையையோ பயன்படுத்த வேண்டும். ஊதும் மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் அங்கே பூசணம் பிடிக்கும், அதை வெளியிலிருந்து துடைத்து எடுக்க எந்த வழியும் இல்லை.