மெல்பேர்ணில் தங்கத்தின் தடம் பிடித்து ஒரு நடை

திருகோணமலையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க மெல்பேர்ண் போகிறவர்கள் நகரத்துக்குள் அரை நாள் ஒதுக்கினால், இரண்டரைக் கிலோமீற்றருக்குள் ஒரு நல்ல நடை இருக்கிறது. தங்கம் யாரை அழைத்தது, பிறகு சட்டம் யாரைத் தடுத்தது என்பதுதான் அதன் கதை.

ஸ்பிரிங் ஸ்ட்ரீட்டில் தொடங்குங்கள். அது மேட்டுப்பக்கம். அங்கிருந்து எலிசபெத் ஸ்ட்ரீட் வரைக்கும் இறக்கம்தான், முழங்கால் தப்பும். பக்கத்திலேயே பார்லிமென்ட் ஸ்டேஷன் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை, பார்த்து ஏறுங்கள். நகர மையத்துக்குள் ட்ராம் இலவசம், ரயில் அப்படியல்ல. மைக்கி என்ற பயண அட்டையோ வேறு செல்லுபடியான பயணச்சீட்டோ இல்லாமல் புறநகரிலிருந்து ரயில் ஏறினால் அபராதம் கட்ட நேரும்.

முதலில் பழைய திறைசேரி. 1851இல் தங்கம் கிடைத்தபோது விக்டோரியாவின் (மெல்பேர்ண் இருக்கும் மாநிலம், அப்போது பிரித்தானியக் குடியேற்றம்) சனத்தொகை சுமார் 77 ஆயிரம். பத்தே வருடத்தில் 5 இலட்சத்து 40 ஆயிரம் ஆனது. அந்தத் தங்கத்தைப் பூட்டி வைக்கக் கட்டியது இது. வரைபடம் போட்ட ஜே. ஜே. கிளார்க்குக்கு அப்போது வயது 19. 1862இல் கட்டி முடிகிறபோது தங்கத்தின் வரத்துக் குறையத் தொடங்கிவிட்டது! முகப்போடு திரும்பிவிடாதீர்கள், நிலவறைப் பெட்டகங்கள்தான் முக்கியம்.

அதே தெருவில் வடக்கே சில நிமிடம் நடந்தால் நாடாளுமன்றம். இப்போது மாநிலச் சபை அங்கே கூடுகிறது. ஆனால் 1901 முதல் 1927 வரை அவுஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றமே இந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. வெள்ளையர் அல்லாதோரைத் தடுத்த 1901ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டமும் இங்கே நிறைவேறியதுதான். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதிகாரி விரும்பும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் வாசிப்பார், வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம், ஆகவே யாரையும் தோற்கடிக்கலாம். 1934இல் பல மொழி தெரிந்த செக்கோஸ்லோவாக்கிய எழுத்தாளர் எகோன் கிஷ்ஷை ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் சோதித்துத் தோற்கடித்தார்கள். அது செல்லாதென்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சோதனை ஒழிந்தது 1958இல்.

அடுத்து லிட்டில் போர்க் ஸ்ட்ரீட், சைனா டவுன். சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் தேடி வந்த சீனர் 1850களில் குடியேறிய தெரு இது. 1855இல் விக்டோரியா ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் வரி போட்டது, கப்பலின் 10 தொன்னுக்கு ஒரு சீனர்தான் என்று கணக்கும் வைத்தது. கப்பல்காரர் என்ன செய்தார்கள்? பக்கத்துக் குடியேற்றமான தென் அவுஸ்திரேலியாவின் ரோப் துறையில் ஆட்களை இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து தங்க வயலுக்கு 400 கிலோமீற்றருக்கு மேல். நாங்கள் கொழும்புக்குப் போகும் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதுவும் கால்நடையாக. கோஹென் பிளேஸ் சந்தில் உள்ள சீன அருங்காட்சியகத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போவது வீண், உள்ளே போங்கள். (எங்கள் துறைமுகத்துக்கு வந்த போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஒருவரும் வரி கட்டவில்லை. பீரங்கி இருந்தால் விசா தேவைப்படாது போலும்.)

கடைசியில் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் பழைய சுங்கக் கட்டடம், இப்போது குடிவரவு அருங்காட்சியகம். எலிசபெத் ஸ்ட்ரீட் தாண்டினால் கொஞ்சம் ஏற்றம், களைத்தவர்கள் ட்ராம் பிடிக்கலாம். முன்னால் ஓடும் யாரா ஆற்றைக் கவனியுங்கள். எங்கள் உட்துறைமுகத்தின் ஆழம் அதற்கு இல்லை. பெரிய கப்பல்கள் வெளியே ஹொப்சன்ஸ் குடாவில் நங்கூரம் போட, ஆட்கள் சிறு படகுகளுக்கு மாறிக் கரை சேர்ந்தார்கள். மாலுமிகளும் தங்க வயலுக்கு ஓடியதால் பல கப்பல்கள் ஆளின்றி அந்தக் குடாவிலேயே கிடந்தன.

அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு, ஒன்றரை மணிநேரமாவது வேண்டும். மூடும் நேரத்தை முதல்நாளே பார்த்துவிடுங்கள். சைனா டவுனில் சாப்பாடு நீண்டுவிட்டால் இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள்.