மகளின் மேற்படிப்பு: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

24 ஏப்ரல் 2025, வியாழன்

எஸ்பிஎம் முடிவு, அதாவது இங்கே மலேசியாவில் இடைநிலைப்பள்ளி முடிக்கும் தேர்வின் முடிவு, வந்துவிட்டது. மூத்தவளுக்கு 6ஏ, கணிதத்தில் ஏ பிளஸ். செம்பனைக் குலை லாரியை ஓரங்கட்டிவிட்டு அவள் அப்பா திரும்பத் திரும்ப ஃபோன் செய்தார். சாயங்காலத்துக்குள் உறவுக்காரர்கள் எல்லாரும் "எந்தக் காலேஜ்?" என்று கேட்டுவிட்டார்கள். அவளுக்குக் கட்டடப் பொறியியல்மேல் (சிவில்) ஆசை. என்ன படிக்கப் பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

மெட்ரிகுலேசனுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பல்கலைக்கழகம் போவதற்கு முன் அரசு நடத்தும் ஓராண்டுப் படிப்பு, மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை. போன வருடத்திலிருந்து 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் தருகிறார்கள். 6ஏவுக்கு அந்த உறுதி கிடையாது. இடம் கிடைத்தாலும் பக்கத்தில் உள்ள கோப்பெங் கல்லூரியா, வேறு மாநிலமா என்பது நம் கையில் இல்லை.

பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கும் ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு. வீட்டுச் சாப்பாடு, செலவும் சொற்பம். அதன் முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. ஆனால் இவள் முகம் வாடிவிட்டது. "அதே பஸ், அதே ஆளுங்க மா" என்றாள்.

"படிக்கத்தானே போறே?" என்று அவள் அப்பா கேட்டார்.

இதில் நான் மகள் பக்கம். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளி வரை அவள் நெருங்கிப் பழகியவர்கள் எல்லாரும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்தாம். தெரியாதவர்கள் நடுவே எழுந்து பேசவும், மலாய்க்காரப் பிள்ளையோடும் சீனப் பிள்ளையோடும் ஒரே குழுவில் வேலை செய்யவும் அவள் எப்போது பழகுவது? காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற தோழி அமைவதும் படிப்புக்கு வேண்டியதுதான். அதை ஊர் சுற்றுவது என்று தள்ளிவிட என்னால் முடியாது.

3 மே, சனி

தனியார் கல்லூரி ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக்கே வந்தார். கல்விக் கட்டணத்தை மட்டும் பளிச்சென்று சொன்னார். அறை வாடகை, முன்பணம், சாப்பாடு, மோட்டாருக்குப் பெட்ரோல், லேப்டாப் எல்லாவற்றையும் நான்தான் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. பதிவுக்கட்டணம் இன்றே கட்டினால் கழிவு என்றார். கட்டவில்லை.

கம்பாரில் உள்ள தனியார் பல்கலைக்கழகமான யூதாரையும் பார்த்தோம். நல்ல பெயர், ரயிலில் போய் வரலாம். அடிப்படைப் படிப்பைக் கம்பாரில் முடிக்கலாம், ஆனால் கட்டடப் பொறியியல் பட்டப்படிப்பு சிலாங்கூரில், சுங்கை லோங் வளாகத்தில். அங்கே வாடகை வேறு கணக்கு.

அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் இருக்கிறதே என்கிறார்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் சேவைக் கட்டணம், பட்டப்படிப்பில் முதல்நிலை எடுத்தால், சில நிபந்தனைகளோடு, திருப்பிக் கட்ட வேண்டாம். அதை நம்பிக் கடன் வாங்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. முழுத் தொகையும் கட்டுவதாகவே கணக்குப் போட்டோம். என் கணவர் சம்பளத்தையும் என் பாலர் பள்ளிச் சம்பளத்தையும் சேர்த்தாலும் இடித்தது. கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

9 மே, வெள்ளி

அவர் லீவு போட்டார். ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக் போனோம். 1969-இல் தொடங்கியது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். ஒரு பருவத்துக்குக் கல்விக் கட்டணம் 200 வெள்ளி. டிப்ளோமாவில் தொழிற்பயிற்சியும் அடக்கம்.

எங்களுக்குத் தெரிந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி அங்கே படிக்கிறாள். "முதல் பருவத்துல அழுதேன் ஆண்ட்டி" என்று மறைக்காமல் சொன்னாள். அப்புறம் வலைப்பந்துக் குழுவில் சேர்ந்தாளாம். தீபாவளி நிகழ்ச்சிக்கு ஆடியபோது மற்ற இனத்துத் தோழிகளும் சேலை கட்டி வந்தார்களாம்.

"எத்தனை பேர் அக்கா பாதியில நிறுத்திடுறாங்க?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கில் தடுமாறுகிறவர்கள் சிலர் நின்றுவிடுகிறார்கள் என்றும், சீனியர்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தாக்குப்பிடிக்கிறார்கள் என்றும் அந்தப் பெண் விளக்கினாள். இந்த மாதிரி விவரம் எந்தக் கையேட்டிலும் வராது. அவர் அதற்குள் பாதுகாவலரிடம் விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கேன்டீனில் இவள் தானாகவே போய் இரண்டு மாணவிகளிடம் மலாயில் நில அளவைப் பாடம் எப்படி என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

18 மே, ஞாயிறு

பேசி முடித்துவிட்டோம். அரசு உயர்கல்வி இடங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியுவில் பாலிடெக்னிக் கட்டடப் பொறியியல்தான் முதல் தேர்வு. அது அமையாவிட்டால் ஆறாம் படிவம், அதற்கு அவளும் சரி என்றாள். மெட்ரிகுலேசன் வந்தால் அன்றைக்கு உட்கார்ந்து பேசுவோம். தனியாருக்குக் கட்டியிருக்க வேண்டியதில் முடிந்ததை மாதாமாதம் எடுத்து வைப்போம். டிப்ளோமாவில் நல்ல புள்ளி எடுத்தால் பட்டப்படிப்புக்கு அது உதவும்.

பிடிபிடிஎன் கேட்பதற்கு எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும். நாளை அவள் அடையாள அட்டையோடு போய்த் திறக்கிறோம். வார இறுதியில் வீட்டுக்கு வருவாயா என்று அவர் கேட்டதற்கு, "எல்லா வாரமும் இல்லப்பா" என்றாள். 30 கிலோமீட்டர்தானே, லாரி இல்லாத நாளில் நானே வருகிறேன் என்கிறார்.