சீட்டு இல்லாத மிளகு

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஆறு மூட்டை மிளகைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குக் கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் தாண்டியதும் ஒருவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். "மூட்டைக்குச் சீட்டு எங்க?"

சொந்தத் தோட்டத்துச் சரக்கு. ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, மிதித்து உதிர்த்து, களத்தில் காயப்போட்டது. மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோ தேறும். இதற்கு என்ன சீட்டு? ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். "அண்ணா, பேசாம எதையாச்சும் குடுத்துட்டுப் போயிரலாம்" என்றான் டிரைவர் தம்பி.

அப்போது போர்ச்சுகீசியர் கப்பல்களிடம் கேட்ட கர்த்தாஸ் என்ற கடல் சீட்டு ஞாபகம் வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டு அரசர் சாமூத்திரிக்குக் கொடுக்க எடுத்து வைத்தது பன்னிரண்டு துண்டுத் துணி, ஆறு தொப்பி, கொஞ்சம் பவளம், சர்க்கரை, எண்ணெய், தேன். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான் என்று அரண்மனை ஆட்கள் சிரித்தார்கள். சரி, மிளகுக்கு ஈடாகக் கொடுக்கச் சரக்கு இல்லை, பீரங்கி இருந்தது. 1502இல் மறுபடி வந்த காமா, ஹஜ் முடித்துத் திரும்பிய கப்பலை ஆட்களோடு எரித்தார்.

அதே காலத்தில் தொடங்கியதுதான் இந்தக் கர்த்தாஸ். யார் கப்பல், எவ்வளவு பெரிது, என்ன ஆயுதம், எங்கே போகிறது, எல்லாம் அதில் இருக்கும். மிளகு ஏற்றக் கூடாது. அது போர்ச்சுகல் ராஜாவுக்கு. சீட்டின் விலை சொற்பம்தான். ஆனால் போர்ச்சுகீசியரின் கோட்டைத் துறையில் நின்று சுங்கம் கட்டினால்தான் மேலே போகலாம். சீட்டில்லாத கப்பல் சிக்கினால் சரக்கோடு பறிமுதல். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் ஓடியவர்களிடம், நேற்று வந்தவன் கேட்ட சீட்டு!

அக்பரின் அத்தை குல்பதன் பேகமே ஹஜ்ஜுக்குக் கிளம்பி, இந்தச் சீட்டுக்காகச் சூரத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தார். 1613இல் ஜஹாங்கீரின் தாயாருடைய ரஹீமி கப்பலைச் சீட்டு இருந்தும் பிடித்துக்கொண்டார்கள். இதுதான் எனக்கு ஆறவே ஆறாது. எதிர்த்து நின்ற, சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களில் நான்காமவரை 1600இல் கோவாவில் தலை வெட்டினார்கள். அவரைப் பிடிக்கச் சாமூத்திரியே போர்ச்சுகீசியரோடு கைகோத்தார் என்பதுதான் கொடுமை.

என் கதை இருநூறு ரூபாயில் முடிந்தது. ஒரு துண்டுத்தாளில் ஏதோ கிறுக்கிக் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மண்டியில் முதலாளி மூட்டைக்குள் முழங்கைவரை விட்டு, அடியிலிருந்து நாலு மணி எடுத்து, ஒன்றைக் கடித்தார். "இன்னும் ஒரு வெயில் காயணுங்க. கிலோவுக்குப் பத்து ரூபா குறைச்சுக்கலாம்."

துண்டுத்தாளை அவர் கேட்கவே இல்லை.